அலையாத்திக் காட்டில் வானவில் தடம்

“அண்ணன் வந்துடுச்சா?”

பேருந்து முழுதாக நிற்பதற்குள் குதித்து இறங்கிய தையல்நாயகி கேட்ட முதல் கேள்வி அதுதான். நிறுத்தத்தில் காத்திருந்த நாகூரான் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தான். எந்நேரமும் யாரையாவது கிண்டல் செய்கிறவன், இன்று கிண்டலை மறந்து துறைப் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

அவளுடைய அண்ணன் வைரக்கண்ணு நேற்று மதியம் நண்டு வலை போடப் படகெடுத்துப் போனவன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றவன். இரவு முழுக்க வரவில்லை. கைபேசி அணைந்து கிடந்தது. நாகூரான் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே படகில் தொழில் செய்கிறவன். நேற்று மட்டும் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டான்.

“நான் கூடப் போயிருந்தா இப்புடி ஆயிருக்காதும்மா” என்றான் நடந்துகொண்டே.

“காய்ச்சலோட போயிருந்தா ரெண்டு பேரத் தேடணும். சும்மா வாங்கண்ணே!”

தையல்நாயகிக்கு வயது இருபத்து நான்கு. பட்டுக்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சட்டத்தில் பொருத்துவது அவள் பொறுப்பு. இயற்பியல் படித்தவள். மூன்று வருடம் காலையில் ஐந்தரை மணிக்குக் கல்லூரிப் பேருந்துக்கு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டவன் அண்ணன். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டவன். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். அதையும் பெருமையாக ஊருக்குக் காட்டுவான்.

ஏரிக்கரையில் இருந்த வடகாட்டுத்துறையில் ஒரு படகுகூட இல்லை. பதினோரு படகுகளும் விடியும் முன்பே, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்து அவனைத் தேடிப் போய்விட்டன. நேற்று மாலை காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. இன்ஜின் நின்றிருந்தால் படகைக் கடலுக்குத்தான் தள்ளியிருக்கும் என்பது ஊரின் கணக்கு. அதில் நியாயமும் இருந்தது.

ஆனால் துறையின் ஓரத்தில் ஒரு சின்னத் தோணி மட்டும் தயாராக நின்றது. அதன் நடுவில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் நீளமான கழியோடு நின்றாள் அண்ணி காவேரி. சேற்றுக்குள் கைவிட்டு நண்டு பிடிப்பதில் அந்தத் துறையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தோணிக்குள் இரண்டு குடம் குடிதண்ணீர், ஒரு தார்ப்பாய், ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சி.

“எல்லாரும் கடலுக்குப் போயிட்டாங்க” என்றாள் காவேரி. “நேத்து அவரு எங்கிட்ட ‘கடலுக்குப் போறேன்’னு சொல்லல. ‘உள்ள போறேன்’னு சொன்னாரு. நான் எவ்ளோ சொல்லியும் யாரும் கேக்கல. நீ வர்றியா, இல்ல நான் ஒத்தையில போவட்டுமா?”

உள்ளே என்றால் காடு. அலையாத்தி மரங்களும் தில்லை மரங்களும் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சதுப்புக் காடு. அதற்குள் ஓடும் வாய்க்கால்கள் சிக்கெடுக்க முடியாத நூல்கண்டு மாதிரி. ஒன்று இரண்டாகப் பிரியும், இரண்டும் மறுபடி சேரும், சில சேற்றில் முட்டி நின்றுவிடும். போதாக்குறைக்கு, மதியத்துக்குள் பலத்த மழை வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

தையல்நாயகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோணியில் தாவினாள். நாகூரான் பின்னால் ஏறித் துடுப்பைப் பிடித்தான்.

“தள்ளுங்கண்ணி!”

காவேரி கழியை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினாள். தோணி வழுக்கிக்கொண்டு புறப்பட்டது.

*

ஏரியின் நடுவுக்கு வந்ததும் கண் கூசியது. காலை வெயில் தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடாகப் பரவிக் கிடந்தது. இரண்டடி தூரத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

தையல்நாயகி பையைத் துழாவி ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஓரத்தில் கீறல் விழுந்ததால் விற்க முடியாது என்று கடை முதலாளி அவளுக்கே கொடுத்துவிட்ட கண்ணாடி.

“அண்ணனத் தேடப் போறமா, சினிமாவுல நடிக்கப் போறமா?” என்றான் நாகூரான். அவனுக்குக் கிண்டல் திரும்பிவிட்டதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

“போட்டுப் பாருங்க” என்று கழற்றி நீட்டினாள்.

போட்டவன் வாயைப் பிளந்தான். “ஏ! அடியில பாசி தெரியுது! மீன் ஓடுது! வெள்ளையெல்லாம் எங்க போச்சு?”

“தண்ணி மேல பட்டுத் தெறிக்குற வெளிச்சம் படுத்தவாக்குல ஆடும்ணே. இந்தக் கண்ணாடி நின்னவாக்குல ஆடுறத மட்டும்தான் உள்ள விடும். தெறிப்பு வெளியவே நின்னுடும். இப்பக் குடுங்க.”

“வெளிச்சம் ஆடுமா?”

“ஆடும். குடுங்கண்ணே!”

அரை மணி நேரத்தில் வைரக்கண்ணு வழக்கமாக வலை போடும் இடத்துக்கு வந்தார்கள். வலையின் மிதவைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அறுந்த கயிறு ஒன்று மட்டும் குச்சியில் ஆடிக்கொண்டிருந்தது.

காவேரி கயிற்றின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். “வலை அறுத்துக்கிட்டுப் போயிருக்கு. அதத் தேடித்தான் போயிருப்பாரு. நேத்து சாயங்காலம் தண்ணி உள்ள ஏறுச்சு. வலை காட்டுக்குள்ளதான் போயிருக்கும்.”

“எந்த வாய்க்கால்ல?” என்றான் நாகூரான்.

எதிரே ஏழு வாய்க்கால்களின் வாய்கள் இருந்தன. எல்லாம் ஒரே பச்சை, ஒரே இருட்டு.

“வைரம்!” என்று கத்தினான் நாகூரான். நாரைகள் மட்டும் சடசடவென்று எழுந்தன.

தையல்நாயகி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது வாயில் நாகூரான் துள்ளினான். “அங்க பாரு! தண்ணி மேல வர்ணம்! டீசல்! அவன் இன்ஜின் டீசல்தான்!”

சேற்றிலிருந்து மேலே நீட்டி நின்ற மூச்சு வேர்களுக்கு நடுவே நீலமும் ஊதாவுமாக ஒரு மினுமினுப்பு. மூவரும் வெறிபிடித்தவர்கள் போல அதற்குள் நுழைந்து தள்ளினார்கள். கால் மணி நேரம் போனபின் வாய்க்கால் குறுகியது. மினுமினுப்பு இருபுறமும் சேற்றோரமெல்லாம் இருந்தது. அது எதிலிருந்தும் ஒழுகி வருவதாகத் தெரியவில்லை. எங்கும் ஒரே மாதிரி இருந்தது.

“நிறுத்துங்க!” என்றாள் தையல்நாயகி. ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் குத்தினாள். அது உடைந்த கண்ணாடி போலச் சில்லுசில்லாகப் பிரிந்தது. பிரிந்தவை பிரிந்தபடியே நின்றன.

“டீசலா இருந்தா குத்துன எடம் உடனே கூடிக்கும். இது சேத்துல இருக்குற இரும்புச் சத்து மேல கிருமி படிஞ்ச ஏடு. அடச்சே! மொதல்லயே குத்திப் பாத்திருக்கணும்!”

கண்ணில் நீர் முட்டியது. போகவர அரை மணி நேரம் வீண். வானத்தின் கிழக்கு மூலையில் மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

காவேரி அவளைத் திட்டவில்லை. கழியைத் திருப்பி ஊன்றினாள். “இப்ப எது இல்லன்னு தெரிஞ்சிருச்சுல்ல? வா, அடுத்ததப் பாப்போம்.”

ஐந்தாவது வாயில் முதலில் எதுவுமே தெரியவில்லை. எண்ணெய் இருந்தால் தெறிப்பில்தான் தெரியும். தையல்நாயகி கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்து, கண்ணுக்கு முன்னால் மெதுவாகக் குறுக்கே திருப்பினாள். அடங்கியிருந்த தெறிப்பு மெல்லத் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு நீண்ட நாடா மட்டும் சுற்றிலும் உள்ள தண்ணீரைவிட வழவழப்பாக, சாம்பல் வெள்ளியாகத் தெரிந்தது. அது வாய்க்காலுக்குள்ளிருந்து ஏரியை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

குச்சியால் குத்தினாள். நாடா விலகியது. மறுகணமே கூடிக்கொண்டது.

“எண்ணெய்!” என்று கூவினாள். “இங்க எவனும் இன்ஜின் போட்டு வர மாட்டான், வேர்ல மாட்டிக்கும். அண்ணனத் தவிர யாரும் வந்திருக்க முடியாது! உள்ள விடுங்கண்ணி!”

*

காடு அவர்களை மூடிக்கொண்டது. மேலே கிளைகள், கீழே கறுத்த தண்ணீர், இருபக்கமும் ஈட்டிகளாக நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்கள். எங்கோ ஒரு நரி ஓடியது. சேறு சளக்கென்றது.

“ஆனா வர்ணத்தக் காணுமே” என்றான் நாகூரான் துடுப்பு போட்டபடி. “இது வெறும் வெள்ளையாவுல்ல இருக்கு?”

“ரொம்ப மெலிசாப் போச்சுண்ணே, அதான். உள்ள போகப் போகத் தடிமனாவும். அப்ப வர்ணம் வரும்.”

“டீசல்ல ஏது இத்தன வர்ணம்? எவன் சாயம் கலந்தான்?”

“சாயமே இல்ல. எண்ணெயோட மேல் பக்கத்துல பட்டுக் கொஞ்சம் வெளிச்சம் திரும்புது. கொஞ்சம் உள்ள எறங்கி, அடியில தண்ணியத் தொட்டுட்டுத் திரும்புது. வெளிச்சமும் அலைதான். நம்ம தோணி அலையும் எதுத்தாப்ல வர்ற தோணி அலையும் மோதுனா என்னாவும்?”

அதில் நாகூரானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “சில எடத்துல ரெண்டும் சேந்து ஒசரமா எழும்பும். சில எடத்துல ஒண்ண ஒண்ணு அமுக்கிப்புடும்.”

“அதேதான்! எண்ணெய் எவ்ளோ தடிமனோ, அதப் பொறுத்து ஒரு நெறம் எழும்பும், இன்னொரு நெறம் அமுங்கும். சோப்பு நுரையிலயும் இதே கததான். எங்க கடையில கண்ணாடிக்குப் பூச்சு பூசுறதும் இத வெச்சுத்தான். தெறிப்பு அமுங்கணும்னு அளந்து பூசுவாங்க.”

நாகூரான் துடுப்பை நிறுத்தினான். “அப்ப எங்க வர்ணம் பெருசாவுதோ, அங்கதான் டீசல் ஒழுகுது!”

“துடுப்பப் போடுங்க அண்ணே!” என்று அதட்டினாள் காவேரி. ஆனால் அவள் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது.

வாய்க்கால் இரண்டாகப் பிரிந்த இடத்தில் நாடா இரண்டு பக்கமும் தெரிந்தது. தையல்நாயகி கவிழ்ந்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இடப்பக்கம் வெறும் வெள்ளி, அதுவும் தேய்ந்து மறைந்தது. வலப்பக்கம் வெள்ளியின் நடுவே மஞ்சள் தட்டியது. அதற்கப்பால் ஒரு கீற்று நீலம்.

“வலது!”

அடுத்த பிரிவில் மஞ்சளும் நீலமும் சேர்ந்து வளையமாயின. அதற்கடுத்ததில் சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக விரிந்தன. கிளை இடுக்கில் விழுந்த வானத்து வெளிச்சத்தில் அந்த அழுக்குத் தண்ணீர் மயில்கழுத்தாக மின்னியது. ஒவ்வொரு பிரிவிலும் காவேரி தன் சிவப்பு முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் கிளையில் கட்டினாள். அவளுக்கு இருப்பதில் நல்ல சேலை அது.

திடீரென்று வர்ணம் நின்றுவிட்டது. நகராமல் அப்படியே நின்றது.

“வத்தம் நின்னுடுச்சு, தண்ணி வெளிய எறங்கல” என்றாள் காவேரி. “இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி உள்ளுக்கு ஏறும். இதையெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிரும்.”

அதே நேரம் முதல் மழைத்துளி தையல்நாயகியின் புறங்கையில் விழுந்தது. இரண்டாவது துளி வர்ணத்தின் நடுவே விழுந்து ஓட்டை போட்டது.

“தள்ளுங்க! தள்ளுங்க!”

நாகூரான் துடுப்பைத் தோணிக்குள் எறிந்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துத் தோணியைப் பின்னாலிருந்து தள்ளினான். காவேரியின் கழி வில்லாக வளைந்தது. தையல்நாயகி முன்முனையில் படுத்து, சிதைந்துகொண்டிருந்த நிறங்களைக் கண் இமைக்காமல் பார்த்து, “நேரா! இன்னும் நேரா! இப்ப எடது!” என்று கத்தினாள். பட்டைகள் அகன்றன. பின்பு நிறங்கள் மங்கி, செம்பு போன்ற ஒரு பழுப்பு வந்தது. மூக்கில் டீசல் நெடி குப்பென்று ஏறியது.

எதிரே வழி இல்லை. தில்லைக் கிளைகள் தண்ணீர்வரை தாழ்ந்து சுவராக நின்றன.

“அண்ணே!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் டங் டங்கென்று எதையோ தட்டும் சத்தம். பிறகு கரகரத்த ஒரு குரல். “கிட்ட வராதீங்க! கெளையத் தொட்டுடாதீங்க! தில்லப் பாலு! கண்ணுல தெறிச்சா அவ்ளோதான்!”

உயிரோடு இருக்கிறான்! அந்த நிலையிலும் அவன் முதலில் சொன்னது வருகிறவர்களுக்கான எச்சரிக்கை. தையல்நாயகி சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தன.

“பேசாம உக்காருங்க, வர்றோம்!” என்றாள் காவேரி. குரல் நடுங்கவே இல்லை.

நாகூரான் தோணிக்குள் ஏறிக்கொண்டான். மூவரும் தார்ப்பாயைத் தலைக்குமேல் விரித்துப் போர்த்திக்கொண்டு குனிந்தார்கள். தையல்நாயகி கண்ணாடியை இறுக்கி மாட்டிக்கொண்டாள். காவேரி கழியால் கிளைகளை முறிக்காமல் மெதுவாகத் தூக்கிப் பிடிக்க, நாகூரான் வேர்களைப் பிடித்துத் தோணியை அங்குலம் அங்குலமாக இழுத்தான். தார்ப்பாயின்மேல் பொட்டுப் பொட்டென்று பால் சொட்டியது.

உள்ளே, ஒரு திட்டில் சாய்ந்து கிடந்தது படகு. அதில் வைரக்கண்ணு கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, கையில் காலி வாளியோடு உட்கார்ந்திருந்தான். வலையைத் துரத்தி வந்திருக்கிறான். வேரில் மோதி டீசல் குழாய் பிளந்திருக்கிறது. படகை விடுவிக்கக் கிளையை வெட்டியபோது பால் பீறிட்டு இரண்டு கண்ணிலும் அடித்திருக்கிறது. துடித்த துடிப்பில் கைபேசி தண்ணீரில் விழுந்திருக்கிறது. இரவு முழுக்கக் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது.

காவேரி படகுக்குத் தாவினாள். துண்டை அவிழ்த்தாள். இமைகள் பழமாக வீங்கியிருந்தன.

“குடிக்கக் கொஞ்சம்…” என்றான் அவன்.

“ரெண்டு மடக்கு. மிச்சம் கண்ணுக்கு.”

இரண்டு குடத்துத் தண்ணீரையும், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், அவன் கண்களில் மெல்ல மெல்ல ஊற்றிக் கழுவினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையின் கையைத் தேடிப் பிடித்தான்.

“தையலு, நீ எதுக்கு வேலைய விட்டுட்டு வந்த? லீவு சொன்னியா?”

“சொல்லல. நீ வந்து மொதலாளிகிட்ட பேசு.”

“எப்புடிடா கண்டுபுடிச்சீங்க?” என்று நாகூரான் இருந்த பக்கம் திரும்பிக் கேட்டான்.

“ஒன் டீசல்தான்டா காட்டிக்குடுத்துச்சு. ஒன் தங்கச்சி தண்ணியப் படிச்சா!”

*

திரும்பும் வழி சுலபமாக இல்லை. ஒரு சின்னத் தோணியில் நான்கு பேர். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல்தான் இடைவெளி. ஒரு மொட்டை வேர் அடியைக் கிழித்தால் எல்லாரும் சேற்றில்தான். மழை சற்று ஓய்ந்து வானம் வெளுத்திருந்தது. அந்த வெள்ளை முழுவதும் தண்ணீரில் தெறித்து, அடியில் இருப்பதை மறைத்தது.

“கண்ணு எரியுது. அந்தக் கறுப்புக் கண்ணாடிய எனக்குக் குடு” என்றான் வைரக்கண்ணு.

“வீடு போய்ச் சேரணுமா வேண்டாமா? இத வெச்சுத்தான் நான் அடியில இருக்குற வேரப் பாக்குறேன். நீ துண்டக் கட்டிக்க.”

“கண்ணு போனவன்கிட்டயும் சண்டையா?”

“கண்ணெல்லாம் போவல! பேசாம வா!” என்று அதட்டிவிட்டு, அவன் தலையில் தன் துப்பட்டாவையும் சேர்த்துப் போர்த்திவிட்டாள்.

“எடது பக்கம் கட்ட! ஒதுக்குங்க அண்ணி! இப்ப வலது… நேரா விடுங்க!”

சிவப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பட்டன. கடைசித் துண்டைக் கடந்து ஏரியில் வெளிப்பட்டபோது, முகத்துவாரத்திலிருந்து பதினோரு படகுகளும் தலை கவிழ்ந்தாற்போல் திரும்பி வந்துகொண்டிருந்தன. நாகூரான் எழுந்து நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். தோணி கவிழப் பார்த்தது. பதினோரு படகுகளிலிருந்தும் எழுந்த கூச்சலில் கரையில் நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

*

“கருவிழி மேல புண்ணாயிருக்கு. கழுவுனது நல்லதாப் போச்சு. ஆறிடும்” என்றார் டாக்டர். நான்கு நாள் கட்டு.

அந்த நான்கு நாளும் நாகூரான் தேநீர்க் கடையில் கதை சொன்னான். ஒவ்வொரு முறையும் வாய்க்கால்களின் எண்ணிக்கை கூடியது, நரி ஒன்று மூன்றானது. வெளிச்சம் ஆடுவதை மட்டும் சரியாகச் சொன்னான். முடிவில், “பொறந்ததுலேருந்து அந்த வர்ணத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ‘சீ, எண்ணெய்’னு தாண்டிப் போயிட்டோம். நின்னு ஒருநாள் பாத்ததில்ல” என்பான். படகெடுக்கிறவர்கள் எந்தப் பக்கம் போகிறோம் என்று துறையில் சொல்லிவிட்டுப் போவது, அந்த வாரத்திலிருந்து வழக்கமாயிற்று. வீட்டுப் பெண்கள் சொல்வதைக் காதில் வாங்குவதும் கொஞ்சம் கூடியது.

ஐந்தாம் நாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். தையல்நாயகி கட்டிலின் ஒரு பக்கம், காவேரி மறுபக்கம், கால்மாட்டில் நாகூரான்.

வைரக்கண்ணு மெதுவாக இமைகளைப் பிரித்தான். கலங்கிய கண்கள் அங்குமிங்கும் அலைந்து, ஒரு இடத்தில் நின்றன.

“என்னா தெரியுது?” என்றாள் தையல்நாயகி மூச்சை அடக்கிக்கொண்டு.

“கண்ணத் தொறந்ததும் இவன் மூஞ்சிதானா தெரியணும்?” என்றான் நாகூரானைப் பார்த்து.

அறையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அவன் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். முந்தானை கிழிந்த சிவப்புச் சேலையைப் பார்த்தான். “நல்ல சேலையாச்சே, காவேரி” என்றான்.

காட்டில் அழாதவள், ஆஸ்பத்திரியில் நான்கு நாளும் அழாதவள், அப்போதுதான் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். தையல்நாயகி நாகூரானின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்கண்ணே, டீ குடிச்சிட்டு வருவோம்.”

“நான் இப்பத்தானே குடிச்சேன்?”

“இன்னொண்ணு குடிங்க!” என்று அவனைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.